வாடகைக் காரில் ஒரு நீண்ட ஜெபம்

சகோதரிகளே, உண்மை பேசுவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். நீங்களும் தலையை ஆட்டிவிட்டீர்கள். தலை ஆட்டுவது எளிது... ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். சின்னக் கதைதான்.

போன குளிர்காலத்தில் என் கார் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நம்முடைய எப்சிபா அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஒரு வாடகைக் கார் எடுத்தேன். டாக்டர் இருக்கும் வீதியில் ஒரு தனியார் கார் பார்க். உள்ளே நுழையும்போது கேமரா ஒரு படம் எடுக்கும், வெளியேறும்போது ஒரு படம் எடுக்கும்; இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் கணக்கு. கடல் தாண்டி வந்து இந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டினேன். நேரம் முடியுமுன் திரும்பியும் வந்துவிட்டோம். குளிர்காலம் அல்லவா, சாயங்காலமே இருட்டிவிட்டது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம்.

"ஏட்டி புஷ்பம், புது வண்டி. ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டு எடுப்போமா?"

ஒரு வார்த்தை! எப்சிபா அக்காவின் ஒரு வார்த்தை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா? சிரிக்காதீர்கள் அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். ஜெபம் இந்த ஊரில் தொடங்கி, பாளையங்கோட்டைக்குப் போய், துபாயில் இருக்கும் மருமகனை விசாரித்து, அவருடைய முதலாளியின் மனமாற்றத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தது. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு காரின் விளக்குக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒன்றைத் திருகினால் வைப்பர் ஓடுகிறது. இன்னொன்றை அழுத்தினால் பின்கண்ணாடி வைப்பர் ஓடுகிறது. அக்கா கண்ணைத் திறக்காமலே அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

"ஆண்டவரே, வைப்பர் போதும்... லைட்டைக் காட்டும்!"

ஒரு வழியாக அவர் ஆமென் சொன்னார். அதற்கும் பிறகுதான் விளக்கு எரிந்தது. வீடு வந்து சேர்ந்தோம்.

சில நாளில் வாடகைக் கார் கம்பெனியிலிருந்து போன்.

"மேடம், கார் பார்க்கில் நேரம் தாண்டி நின்றிருக்கிறீர்கள். அபராதம் வந்திருக்கிறது. நாங்களே கட்டிவிட்டு உங்கள் கார்டில் எடுத்துக்கொள்கிறோம். அதுதான் வழக்கம்."

"தம்பி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள நீங்கள் யார்?"

"அது இல்லை மேடம்... வீட்டில் வேறு யாராவது... உங்கள் கணவரிடம் பேசலாமா?"

"அவர் கல்லறையில் இருக்கிறார். அங்கே போன் கிடையாது. என்னிடமே பேசுங்கள். காரை ஓட்டியது நான். என் பெயரையும் விலாசத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கொடுத்தார்கள். என் பெயருக்கே கடிதம் வந்தது. சீக்கிரம் கட்டினால் பாதித் தொகை போதுமாம். பாதி கட்டினால் நான் பாதி ஏமாற்றுக்காரியா? இத்தனை வயதுவரை யாருடைய இடத்திலும் ஓசியில் நின்றவள் இல்லை நான். அந்தப் பெயரை இனி வாங்குவேனா?

அப்பீல் எழுத உட்கார்ந்தேன். என் மகன் ஆல்வின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ம்மா, சுகர் இறங்கி மயக்கம் வந்துடுச்சுன்னு எழுதுங்க. வயசானவங்கன்னு உடனே விட்டுடுவாங்க."

"எனக்கு சுகரே கிடையாதேடா!"

"சரி, அப்ப லைட் தெரியலைன்னு மட்டும் எழுதுங்க. அது உண்மைதானே? ஜெபத்தை எதுக்கு இழுக்குறீங்க? அதைப் படிச்சா சிரிப்பாங்கம்மா. கேஸும் போயிடும்."

கவனியுங்கள்... இவன் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு பகுதியை விட்டுவிடச் சொல்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை! நமக்கெல்லாம் இந்த யோசனை வந்ததே இல்லையா? வராமலா இருக்கும்?

நான் எல்லாவற்றையும் எழுதினேன். பணம் கட்டியதை எழுதினேன். ஜெபத்தை எழுதினேன். அது நீண்ட ஜெபம் என்றும் எழுதினேன். பழக்கமில்லாத வாடகைக் கார், விளக்கு எரியவில்லை, இருட்டில் விளக்கில்லாமல் காரை எடுக்க மாட்டேன் என்றும் எழுதினேன்.

கார் பார்க் கம்பெனி மறுத்துவிட்டது. ஜெபம் செய்தாலும் தூங்கினாலும் நேரம் நேரம்தானாம்.

"நான் சொன்னேன்ல?" என்றான் ஆல்வின்.

"நீ சொன்னாய். நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக விசாரிக்கும் அதிகாரி ஒருவர் உண்டு. அவருக்கு அதே கடிதத்தை அனுப்பினேன். ஒரு வரி கூட்டவில்லை... ஒரு வரி குறைக்கவில்லை.

பதில் வந்தது. ஆல்வினையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். என்ன எழுதியிருந்தார் தெரியுமா?

'ஜெபத்துக்காகக் கூடுதல் நேரம் தர எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இருட்டில் விளக்கில்லாமல் வாகனத்தை வெளியே எடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விளக்கு எரியவில்லை என்பதற்கு இந்த அம்மையாரிடம் சாட்சி இல்லை. என்றாலும், தமக்குப் பாதகமான ஜெபத்தைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் விளக்கைப் பற்றிச் சொல்வதையும் நான் நம்புகிறேன். அபராதம் ரத்து.'

ஆல்வின் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சகோதரிகளே, எந்த வரி என்னைக் கெடுத்துவிடும் என்று ஆல்வின் பயந்தானோ, அந்த வரிதான் எனக்குச் சாட்சி சொன்னது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு கடிதம் வந்தால், 'எதுக்கு வம்பு, கட்டிடுவோம்' என்கிறோம். செய்யாத தப்பைத் தலையில் ஏற்றுக்கொள்கிறோம். இல்லாவிட்டால், வராத மயக்கத்தை வரவழைத்துத் தப்பிக்கப் பார்க்கிறோம். இரண்டும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சிரிப்பு வரும் பகுதியையும் சொல்லுங்கள்... உங்களுக்கு எதிராகப் போகும் பகுதியையும் சொல்லுங்கள். நம்மை நம்பலாமா கூடாதா என்று எதிரே இருப்பவர் முடிவு செய்வது அந்த இடத்தில்தான்.