கடைசி வரிசைக்கு முதல் தட்டு

மன்றத்தின் மணியையும் மனிதரின் மனத்தையும் ஒருசேரக் கவனிக்கும் அவைத் தலைவர் அழகேசன் ஐயா அவர்களே, இன்று தம் முதல் கவிதைத் தொகுப்பை நம் கையில் தரவிருக்கும் கவிஞர் கதிரேசன் அவர்களே, சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலை நீந்திக் கடந்து வந்த சான்றோர்களே, புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் மாறி வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மா சுதா உள்ளிட்ட தாய்மார்களே, கிராஞ்சித் தங்குவிடுதியில் ஊறப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, கடைசி வரிசையில் முதுகுப்பையை மடியில் அணைத்தபடி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே!

எல்லாரையும் விளித்தாயிற்று. வணக்கம் மட்டும் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை ஐயா, நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அதை ஒரு காரணத்துக்காகக் கைவசம் வைத்திருக்கிறேன்.

கவிதை நூலுக்கு மதிப்புரை வழங்கவே என்னை அழைத்தீர்கள். நான் பேசப்போவதோ அரிசிச் சேமியா மீஹூனைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பின்கதவு வழியாக அதன் வாசம் வரத் தொடங்கிவிட்டது என்று எனக்கும் தெரியும். அந்த வாசத்தில் வளர்ந்தவள் நான்.

மாலை வெயில் இந்தச் சன்னல் கண்ணாடியில் மஞ்சளாக மயங்கி நிற்கிறது. மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது. நான் மேடையில்தான் நிற்கிறேனா, இல்லை, கடைசி வரிசையில் கண்ணயர்ந்து இப்படியொரு கனவு காண்கிறேனா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைசி வரிசைதான் என் இடம்.

அப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்த அப்பா, முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். எனக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. அம்மா நீட்டிய சாப்பாட்டுக் காசை நான் வாங்கவில்லை. "டியூஷன் சொல்லிக் குடுக்குற வீட்லயே சாப்பாடு போட்டுடுறாங்கம்மா" என்றேன். டியூஷன் வீடு இருந்தது. சாப்பாடுதான் இல்லை. உண்மை தெரிந்தால், பகலில் அலுவலகம் துடைக்கும் அம்மா இரவிலும் துடைக்கப் போய்விடுவார். படிப்பு முடியும்வரை அந்தப் பொய் உடையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அம்மா, முந்தானையை எடுக்காதீங்க. இன்னைக்குத்தான் உங்களுக்கு இது தெரியுதுன்னு எனக்குத் தெரியும். கடைசிவரைக்கும் கேளுங்க.

சிக்கனம் என்னும் சித்திரத்தை நான் எப்படியெல்லாம் தீட்டினேன் தெரியுமா? உள்ளே எதுவும் வைக்காத கோசோங் பரோட்டா ஒன்று வாங்குவேன், மூன்று முறை குழம்பு கேட்பேன். நான்காம் முறை கேட்டபோது கடைக்காரர், "குழம்பைக் குடிக்கவா வந்தே லா?" என்றார். மறுநாள் கடையை மாற்றினேன். வளாகத்தில் கருத்தரங்கு முடிந்து மிச்சமான உணவு எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் செய்தி வரும். படிக்கட்டில் பறப்பேன். இவையெல்லாம் பகலுக்கு. இரவுக்கு என்ன செய்வது?

இரவுக்குத் தமிழ் இருந்தது. ஆம் அவையோரே, இந்தத் தீவில் ஒவ்வொரு மாலையும் எங்கேனும் ஓர் இலக்கியக் கூட்டம் நடக்கிறது; எந்தக் கூட்டமும் சிற்றுண்டி இல்லாமல் முடிவதில்லை. நூல் வெளியீடு என்றால் மீஹூன். பட்டிமன்றம் என்றால் கேசரி உறுதி. உரையின் தலைப்பு எவ்வளவு நீளமோ, வடை அவ்வளவு சிறிது. அட்டவணை போட்டு, பையில் மூன்று காலி டப்பாக்களோடு வந்தேன்.

ஆனால் உணவுக்கு முன் உரை. அதுதானே நம் வழக்கம்? பசித்த வயிற்றோடு நான் அமர்ந்திருப்பேன், பைந்தமிழ் பாய்ந்துகொண்டிருக்கும். இமை இறங்கும். மன்றம் மெல்ல மிதக்கத் தொடங்கும். பேச்சாளர் தென்றல் என்பார், எனக்குத் தேநீரின் ஆவி தவழும். நிலவு என்பார், உளுந்து வடையொன்று உத்தரத்துக்கு மேலே எழும்பி நிற்கும். நதி என்பார், பாயசம் பொங்கி வந்து நாற்காலிக் கால்களை நனைக்கும். கைதட்டலில் விழிப்பேன், எல்லாரையும்விட ஓங்கித் தட்டுவேன். "எவ்வளவு ஆர்வம் பாருங்க இந்தப் பொண்ணுக்கு" என்று அழகேசன் ஐயா நெகிழ்ந்துபோவார். ஐயா, மன்னித்துவிடுங்கள், அது அத்தனையும் தூக்கம்.

அப்படி வந்ததுதான் அந்த மழை ஞாயிறு. புதிய கவிஞர் ஒருவரின் முதல் வாசிப்பு. பகலெல்லாம் கட்டடம் கட்டுகிறவர், ஓய்வு நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருடைய தோழர்கள் வரவிருந்த லாரி மழையால் வரவில்லை. உணவு அறுபது பேருக்கு. ஆட்கள் நால்வர். அழகேசன் ஐயா, ஒலிபெருக்கி பார்க்கும் செல்வராஜ் அண்ணன், கவிஞர், நான். அவர் நாற்பது நிமிடம் வாசித்தார். யாரைப் பார்த்து வாசித்தார்? என்னைப் பார்த்துத்தான். நானோ கண்ணைத் திறந்துகொண்டே பாயச நதியில் போய்க்கொண்டிருந்தேன்.

"வாசகர் சார்பா யாமினி வந்து ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார் ஐயா. மேடைக்கு வந்தேன். "அருமையான கவிதைகள்" என்றேன். "எந்தக் கவிதைங்க?" என்று கேட்டார் கதிரேசன். கிண்டலாகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை. ஓடிவிடலாம் என்று பையைத் தோளில் இழுத்தேன். ஜிப் பிய்ந்து மூன்று டப்பாக்களும் தரையில் விழுந்தன. ஒரு மூடி மட்டும் உருண்டு, உருண்டு, உருண்டு, கவிஞரின் காலடியில் போய்ப் படுத்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பின்பும் நான் பட்டதில்லை.

கதிரேசன் அந்த மூடியை எடுத்துத் துடைத்தார். தம் பையைத் திறந்தார். உள்ளே ஓர் எவர்சில்வர் டப்பா.

"நானும் ஒண்ணு கொண்டாந்திருக்கேங்க. எங்களுக்கு மத்தியானச் சோத்தை விடியக்காலமே கட்டிக் குடுத்துடுவாங்க. தொறந்தா பாதி நாள் புளிச்சுக் கெடக்கும். கவிதை வாசிச்சா சாப்பாடு உண்டுன்னாங்க. அதுக்கும் சேத்துத்தாங்க வந்தேன்" என்றார். பிறகு ஐயாவைப் பார்த்து, "மொதல்ல சாப்பிட்ருவோம் ஐயா. பசியோட கேட்டா கவிதைதான் பாவம்" என்றார்.

சாப்பிட்டோம். நான்கு பேர், அறுபது பேர் சோறு. அதன்பின் அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். அன்றுதான் இந்த மன்றத்தில் நான் முதன்முதலாகத் தமிழைக் கேட்டேன். லாரியில் பின்னோக்கி உட்கார்ந்து போகிறவனுக்கு வந்த வழி மட்டுமே தெரியும், போகும் இடம் தெரியாது என்று ஒரு வரி. அதில் என் அப்பா இருந்தார். விடியற்காலை முதல் ரயிலில் அம்மா இருந்தார். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை ஐயா எனக்கென்று ஒரு டப்பாவை நிரப்பித் தனியே எடுத்து வைத்தார், யாரிடமும் சொல்லவில்லை.

மாணவச் செல்வங்களே, சேமியுங்கள். பேருந்தில் சேமியுங்கள், பரோட்டாவில் சேமியுங்கள். ஆனால் பசியைச் சேமிக்காதீர்கள். பசியை மறைக்கும் பொய்யைச் சேமிக்காதீர்கள். அவையோரே, உங்களை ஒன்று கேட்கிறேன். பசித்தவரை உட்காரவைத்துப் பேசினோமே, அவர் காதில் விழுந்தது நம் பேச்சா? நாம் தொடுத்த மாலைகள் யார் தோளில் விழுந்தன? நாம் ஏற்றிய விளக்குகள் யார் கண்ணுக்கு ஒளி தந்தன?

இன்று காலை இதையே ஐயாவிடம் சொன்னேன். "சாப்பாட்டை முதல்ல போட்டா ஒருத்தரும் பேச்சுக்கு நிக்க மாட்டாங்கம்மா. கதிரேசன் மறுபடியும் காலி நாற்காலிக்குத்தான் வாசிக்கணும்" என்றார். அவர் அச்சம் நியாயமானது. இந்த மன்றத்தை இத்தனை ஆண்டு நடத்தியவர் அவர். இருந்தும் எனக்காக ஒரே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செல்வராஜ் அண்ணே, பின்கதவைத் திறங்க. முதல் தட்டு கடைசி வரிசைக்கு. டப்பா கொண்டுவந்தவர்கள் கூச்சப்படாமல் எடுங்கள், அந்த மூடிச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். அம்மா, நீங்க எந்திரிச்சு வாங்க, நாம சேர்ந்து சாப்பிடுவோம். கவிஞர் இங்கேயே காத்திருப்பார், புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். வணக்கம் மட்டும் என்னிடம் இருக்கட்டும். கைகழுவிவிட்டு நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் அதை நான் சொல்ல முடியும்.