ஏரிப் பாதைக் கழிகள்

டிக்கெட் கூண்டில் வேலை பார்ப்பவர்களுக்கு டிசம்பரில் தலைவலி வருவது சகஜம். தேசியப் பூங்காவின் மேற்கு வாசலில் பனிவண்டிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். நீலப் புகை தரையோடு தரையாகப் படியும். கூண்டுக்குள் நல்ல காற்று வர ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார்கள். அதன் வாயில் மூக்கை வைத்தபடி சில்லறை கொடுப்பேன். குளிர்காலங்கள் அப்படியே போயின.

வீட்டில் புகை கிடையாது, சத்தம்தான். என் மர வீடு ஏரிக்கரையில் தனியாக இருக்கிறது. வண்டிகள் இல்லாவிட்டால் காட்டெருமை மூச்சு விடுவதுகூடக் கேட்கும். வண்டிகள் மலைக்கு அந்தப் பக்கம் வரும்போதே என் ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கிவிடும்.

வண்டிகளைத் தடை செய்யலாமா என்று பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சத்தமில்லாத புது ரக வண்டியை மட்டும் விடலாம் என்றார்கள் பூங்கா ஆட்கள். எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்றார்கள் வண்டிகளை வாடகைக்கு விடுபவர்கள். எந்த வண்டியும் வேண்டாம் என்றேன் நான். டேல் பின்வரிசையிலிருந்து எழுந்தான். செத்துப்போன என் கணவர் லாயலின் தம்பி, வாடகைக் கடை வைத்திருப்பவன்.

"அண்ணிக்கு ஏரியில மீன் நீந்துற சத்தம்கூட ஆகாது. காதுல பஞ்சு வெச்சுக்கங்க அண்ணி, நானே வாங்கித் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்ததாக எழுதிவிடாதீர்கள். டேல் நல்லவன். லாயல் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எனக்கு விறகு பிளந்து போட்டது அவன்தான்.

ஏரி உறைந்ததும் வண்டிக்காரர்கள் குறுக்கே மூங்கில் கழிகளை நட்டு, நுனியில் ஆரஞ்சுத் துணி கட்டுவார்கள். என் வீடு இருக்கிற கிழக்குக் கரையோரம் அடியில் வெந்நீர் ஊற்று. அங்கே பனிக்கட்டி மெல்லியது. மேலே புதுப் பனி விழுந்துவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளை. அதனால் எங்கள் ஊரில் யாரும் பனியைப் பார்த்து ஓட்ட மாட்டார்கள், கழியைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள்.

கரையை ஒட்டிய கழிகளைப் பிடுங்கி ஊற்றுப் பக்கமாக நட்டேன். ஒன்றில் துணி அவிழ்ந்திருந்தது, கட்டிவிட்டேன். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். லாயல் தூண்டிலுக்குப் போடும் முடிச்சு அது. யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி வருவது எனக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும். ஓடிப்போய்ச் சிவப்புப் போர்வையை ஆட்டி நிறுத்திவிடலாம். நின்றவன் பயந்துபோய் ஊரில் சொல்வான், ஏரிப் பாதையை மூடிவிடுவார்கள். நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

ஞாயிறு மதியம் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பனிக்கட்டி உடைந்து ஒரு வண்டி தலைகுப்புற ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புது ரக வண்டி. ஓட்டி வந்தவன் டேல். கூட்டத்தில் அப்படிப் பேசிவிட்டு அதை வாங்கியிருக்கிறான். அவன் மனைவி ஜோலீன் துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வாசல் வரைக்கும் சத்தமில்லாம வந்து கதவைத் தட்டணும்னு சொல்லிட்டே இருந்தாரு அக்கா. உங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணுமாம்."

எனக்கு அழுகை வரவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்த சாண்ட்விச்சைத் தின்று முடித்தேன்.

பழைய வண்டியில் வந்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருப்பேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். வண்டிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அதுதான் நடந்த தப்பு.

கயிறா? கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. அவனும் அதைத்தான் கேட்டான். பனிக்கட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கயிறு" என்றான். பிறகு வெறும் "அண்ணி" மட்டும். நான் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த பிறகும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து போய்க் கழிகளைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அன்று மதியம் முழுவதும் ஏரியில் கேட்ட ஒரே சத்தம் அவனுடையதுதான். அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.