வால்வின் மேல் சந்தனம்

சந்தனத்தைக் கல்லில் அரைத்தால்தான் எனக்குத் திருப்தி, மேடம். பாக்கெட் தூளைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. சாமி காரியத்தில் என்ன சோம்பேறித்தனம்?

எங்கள் நர்சிங் ஹோமில் ஆயுத பூஜை என் பொறுப்பு. நான் ஹெட் நர்ஸ். டாக்டர் எழிலரசிக்கு இதிலெல்லாம் அக்கறை கம்மி. பி.பி. மெஷின், குழந்தை நிறுக்கும் தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூப் போடுவேன். அம்பு பேக்குக்கும் உண்டு. பிறந்த குழந்தை மூச்சு விடாவிட்டால் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி அமுக்குவோமே, அந்தப் பைதான். உயிர் கொடுக்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட மனசு வரவில்லை.

அதன் தலைப்பக்கம் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். அழுத்தம் அதிகமானால் திறந்து, மிச்சக் காற்றை உஸ்ஸென்று வெளியே விட்டுவிடும். குழந்தையின் நுரையீரல் அவ்வளவு மெல்லிசு. முந்தின வருஷமே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்: "ரேணுகாம்மா, அந்த வால்வு மேல மட்டும் எதையும் தடவாதீங்க. காஞ்சா ஒட்டிக்கும்." தலையாட்டினேன். ஆனால் பொட்டு என்றால் நெற்றியில்தானே வைக்க வேண்டும். அந்தப் பைக்கு நெற்றி அதுதான்.

போன வருஷம் பூஜை முடிந்த மதியம் கவிநிலா வலியோடு வந்தாள். அடி அண்ணாமலைப் பெண், எனக்குத் தூரத்து உறவு. ஆண் குழந்தை. அழவில்லை. டாக்டர் தாயின் ரத்தப்போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார். புது நர்ஸ் வினோதினி பூஜையில் இருந்த பையை எடுத்து வந்து அமுக்கினாள். கவனமான கை அவளுக்கு.

"சிஸ்டர், வால்வு சத்தமே வரலைங்க. காத்து மொத்தமும் உள்ள போகுது. வேற பேக் எடுக்கட்டுமா?"

வேறு பை அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ஆனால் எடுத்தால் டாக்டர் ஏன் என்று திரும்பிப் பார்ப்பார், சந்தனத்தைப் பார்ப்பார், சின்னப் பெண்களுக்கு முன்னால் என்னைக் கேட்பார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ அமுக்கு" என்றேன்.

அவள் அமுக்கினாள். குழந்தையின் மார்பு ஒரு பக்கம் மட்டும் உப்பி, அப்படியே நின்றுவிட்டது.

அன்று பௌர்ணமி இல்லை, கிரிவலக் கூட்டமும் இல்லை, ரோடு காலி. ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் போனது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இங்கே நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வால்வைத் துடைத்தேன். அமுக்கிப் பார்த்தேன். உஸ்ஸென்றது. டாக்டர் கேட்டபோது, புதுப் பெண், பதற்றத்தில் ஜாஸ்தி அமுக்கிவிட்டாள் என்றேன். வினோதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொட்டு வைத்தபோது தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

வேலை போய், இப்போது அவள் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் அறை பெருக்குகிறாளாம். பாவம்தான். எனக்கு மட்டும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். வீட்டில் குக்கர் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானாலும் என்னால் அடுப்படியில் நிற்க முடிவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்கிறேன். குக்கருக்குள்ளே ஏதோ உப்பிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

வினோதினி புகார் கொடுத்ததால் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவள் எழுதியிருப்பதெல்லாம் நிஜம். உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், எனக்காக இல்லை. கவிநிலா மறுபடி உண்டாகியிருக்கிறாள், மாசியில் பிரசவம். "நீங்க பக்கத்துல இருந்தா போதும்க்கா, எனக்குப் பயமில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தையை வேறு யாரை நம்பி விடுவது, மேடம்?