இரண்டாம் ஜன்னலில் செவி சாய்த்த அக்காவுக்கு

முணுமுணுப்பையும் முழுப் பேச்சாய் மதித்தவரே! தொண்டையில் தங்கிய துயரத்தைத் துருவாமல் வெளிக்கொணர்ந்தவரே! இம்மருத்துவமனைப் பதிவுப் பிரிவின் பெருமையே, பொறுமையே, எங்கள் அருமை அக்கா! வணங்கி வாழ்த்துகிறோம். இன்றோடு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். நாளைக் காலை அந்த ஜன்னலில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமேனும் "சத்தமா சொல்லுங்க" என்று நீங்கள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "இங்க ஒரே சந்தை இரைச்சல், எனக்குத்தான் சரியாக் கேக்கல" என்று குறையை உங்கள் தலையில் ஏற்றுக்கொள்வீர்கள். புரியாமலே தலையாட்டி அனுப்பிவைக்கும் பொய் மரியாதையும் உங்களிடம் இல்லை. "ரெண்டு வாரமா வலின்னு சொன்னது விளங்கிச்சு. அதுக்கு அப்புறம் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டுக் காத்திருப்பீர்கள். வரிசை பல்லைக் கடிக்கும். பக்கத்து ஜன்னல்களில் நாங்கள் நெளிவோம். நீங்களோ பேனாவைக்கூட அசைக்கமாட்டீர்கள். எங்களுக்கு எரிச்சல் வந்ததுண்டு அக்கா, பாராட்டு மடலில் பொய் எதற்கு!

சில மாதங்களுக்கு முன் நிர்வாகம் உங்களுக்கு உதவுவதாய் எண்ணி ஜன்னலில் மைக் மாட்டி, அதன் ஒலிபெருக்கியைக் காத்திருப்போர் கூடத்தைப் பார்த்து வைத்ததே, அந்தப் புத்திசாலித்தனத்தை என்னென்பது! முதலில் வந்த தையற்காரப் பெண், மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி மெல்லச் சொன்னாள். கூடம் முழுவதும் கேட்டது. முகம் வெளிறி ஓடிவிட்டாள். நீங்கள் செருப்பைக்கூடத் தேடாமல் சாலைவரை பின்னாலேயே ஓடி, "தப்பு எங்களோடதும்மா. போயிடாதீங்க, வெளியவே உக்காந்து பேசலாம்" என்று கையைப் பிடித்தீர்கள். மதிலோரப் பெஞ்சில் அவள் சொன்னதைக் கேட்டு எழுதி, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். கட்டியை எடுத்தாயிற்று, மைக்கையும் எடுத்தாயிற்று. அவளுக்குச் சிகிச்சைதான் இன்னும் முடியவில்லை.

நாளை முதல் உங்கள் நாற்காலியில் அமரப்போகிறவரோ, நாங்கள் 'வெண்கலக் கடை' என்று அழைக்கும் நம் அண்ணன்! அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நேற்று பழகிப் பார்க்க உட்கார்ந்தார். வந்து நின்றவள் அதே தையற்காரப் பெண். ஏதோ சொன்னாள், அவருக்கு முழுதும் பிடிபடவில்லை. எங்கே கத்தித் தொலைப்பாரோ என்று நாங்கள் பாதி எழுந்துவிட்டோம். அவர் எழுந்து வெளியே போனார். அவள் பக்கத்தில் குனிந்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா, மாத்திரை தீந்துடுச்சுன்னு சொன்னது விளங்கிச்சு. கடைசியாச் சொன்னதுதான் கேக்கல" என்றார், தம்மால் முடிந்த சின்னக் குரலில்.

அவள் மறுபடி சொன்னாள்: "அக்கா போயிட்டா, இனிமே நான் யார்கிட்டண்ணே சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களில் எவருக்கும் வரவில்லை. இரவெல்லாம் அந்தக் கேள்விதான் எங்களைக் குடைந்தது.

அன்பின் வடிவே! நோய்நொடி நெருங்காமல், நடையும் பார்வையும் தளராமல், சுற்றமும் நட்பும் சூழ நெடிது வாழ்க! மனங்குளிர்ந்த ஓய்வு உங்களுக்கு நிறைவாய் வாய்க்கட்டும். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லும் தகுதி வரும்வரை, எங்களுக்கு அந்த ஓய்வு வாய்க்கவே வேண்டாம்.

நாளையும் அதே ஜன்னல்களில் அமரவிருக்கும்,
உங்கள் தம்பி தங்கைகள்,
பதிவுப் பிரிவு.