சித்திரை பௌர்ணமி பேக்கப்

— ஹானிம்மா, சித்திரை பௌர்ணமிக்கு எடுத்து வச்சியே பேக்கப்பு, அத்த இந்த லேப்டாப்ல அப்படியே ஏத்திக் குடு.

— ஏத்தலாம் மாறண்ணா. ஆனா இது ஆடி. நடுவுல உங்க தங்கச்சி செஞ்ச மூணு மாச வேலையும் சுத்தமா அழிஞ்சிடும்.

— போவட்டும். வைரஸ் பூந்துடுச்சாம். எழிலுதான் குடுத்தனுப்பிச்சா.

— அப்படியா? போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுடறேன்.

— வேணாம், வேணாம். அடி அண்ணாமலையில இருக்கற அத்தை வீட்டுக்குப் போயிருக்கா. அங்க டவர் கெடைக்காது.

— எழிலு எப்பவும் லேப்டாப்பை பீரோல வச்சுப் பூட்டுமே, எப்படிக் குடுத்துச்சு?

— மேசை மேல இருந்துச்சு... த பாரு, நீ இன்னா போலீசா? பூட்டறதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டத்துல ரோடே அடைச்சிடும், கடைக்கு ரிப்பேருன்னு ஒரு ஆளு வராது. அன்னிக்குத்தான் தெரிஞ்சவங்களுக்கு பேக்கப் எடுப்பேன். எழிலும் ஒக்காந்து பேசிக்கினு இருக்கும்.

— அப்ப வைகாசி, ஆனிக்கும் எடுத்து வச்சிருக்கியா?

— இல்ல. வேலை ஜாஸ்தின்னு அது வரல. ஏன், வேற காப்பி இருக்கான்னு பாக்கறீங்களா?

— சொம்மா கேட்டேன்.

— வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு பெங்களூரு கம்பெனில காட்ட வேண்டிய ப்ராஜெக்டு இதுலதானே இருக்கு? அது போனா வேலையும் போச்சு.

— தெரிஞ்சுதான் கேக்கறேன். ஆடின்னும் பாக்காம வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்லருந்து பொண்ணு பாக்க வராங்க. அப்பா இல்லாத வீடும்மா. அவ கெளம்பிப் போயிட்டா ஊரு என்னைத்தான் கேக்கும். பயமா இருக்குது.

— அத்த அதுகிட்டயே சொல்லலாம் இல்ல?

— சொன்னா கேக்கறவளா? ஏத்து.

— பட்டனை அமுக்கினா திரும்ப வராது. கடைசியா கேக்கறேண்ணா.

— அமுக்கு.

— அமுக்கிட்டேன். ஒக்காருங்க, டீ சொல்றேன். அரை மணி ஆவும்.

— அரை மணி தாண்டிடுச்சே, இன்னும் முடியலையா?

— தோ, முடிஞ்சிடுச்சு. பாருங்க, சித்திரையில இருந்த மாதிரியே இருக்குது.

— அவ ப்ராஜெக்டு?

— இதுல இல்ல.

— அப்பாடா. ஆமா, அவ்ளோ கேள்வி கேட்டுட்டு இவ்ளோ சுலபமா செஞ்சு குடுத்துட்டியே. இன்னாத்துக்கு சிரிக்கறே?

— ராத்திரி நீங்க அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசினது எழிலுக்குக் கேட்டுடுச்சாம். காலையில கடை தொறந்ததும் வந்து, ப்ராஜெக்டை சிடில எழுதிக்கிச்சு. "லேப்டாப்பை மேசை மேல வச்சிட்டுப் போறேன், அண்ணன் எடுத்துக்கினு வரும், கேட்டதைச் செஞ்சு குடு, ஆனா மெதுவா செய்"னு சொல்லிட்டுப் போச்சு. பெங்களூரு பஸ்ஸு இந்நேரம் கிருஷ்ணகிரி தாண்டியிருக்கும்ணா.