முட்டிப் பட்டை விளம்பரம்

"முட்டி வலியே இல்லன்னு வீடியோவுல சொன்னதுதான் தப்பாப் போச்சுடி."

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கபடி பனியனோடு இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"முட்டிப் பட்டை விளம்பரம்தானே? நான் கேள்வி கேட்டேன், நீ பதில் சொன்ன. எழுதிக் குடுத்தத பேசுனோம், அவ்ளோதான்."

"கோச் சார் அத நெஜம்னு நம்பிட்டாரு. இன்னிக்கு திருப்பதில நடக்குற ஸெலக்‌ஷன்ல ஆட என் பேரச் சேத்துட்டாரு."

"நடிச்சதுன்னு சொல்லிடு."

"ஊர ஏமாத்துனியான்னு கேப்பாரு. எங்க நைனாவே அதப் பாத்துட்டு ஒரு பட்ட வாங்கி மாட்டிக்கினு கீறாரு."

"ஆடுனா முட்டி போயிடும்டி."

"ஆடலன்னா டீமே போயிடும்."

வடமாலபேட்டை தாண்டியதும் அவள் போன் அடித்தது. கோச்தான். "சொல்லிடு" என்று தோழி அவள் கையைப் பிடித்தாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பேசினாள்.

"வலியே இல்ல சார். சூப்பரா கீது சார்."

போனை வைத்ததும் தோழி சொன்னாள்: "வீடியோவுலயும் இதே மாதிரிதான் சிரிச்ச."

திருப்பதியில் பஸ் நின்றது. இறங்கும் படியில் வலது காலை வைக்கப் போனவள், வைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய குடுடி. சார் எங்கன்னா நின்னுக்கினு கீறாரா, மொதல்ல பாரு."