பூட்டனின் திறப்பு

மானிப்பாயில் மண்ணெண்ணெய் வரிசை அசையாமல் நின்றது. வெயில்தான் எங்கள்மேல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற முதியவர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் சொன்னார்:

“எங்கடை சபையிலை இப்ப மிச்சம் நான் ஒருத்தன்தான்.”

“நீங்கள் வேதக்காரர்தானே அண்ணை? உங்கடை ஆக்கள் எங்கையும் இருக்கினமே.”

“அவை றோமாபுரிச் சபை. நாங்கள் பிரிஞ்ச ஆக்கள். என்ரை பூட்டன் காலத்திலை, கோவாவிலையிருந்து வந்த எங்கடை சாமியாரை விலத்திப்போட்டு, ஆயர் ஒரு வெள்ளைக்காரச் சாமியை அனுப்பினவர். பூட்டன் கோயிலைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை சொருகினார். எங்கடை சபை அண்டைக்குத் தொடங்கினது.”

“ஒரு திறப்பிலையோ?” சைக்கிள்காரர் சிரித்தார்.

“ஓம். இப்ப சண்டையாலை தீவுப்பக்கத்திலையிருந்து இடம்பெயர்ந்த சனம் இருக்க இடமில்லாமல் நிண்டுது. கோயிலைத் திறந்துவிட்டன்.”

“அவை மற்றச் சபையெல்லோ?”

“ஓம். ஞாயிறு அவையின்ரை சாமி வந்து உள்ளுக்குப் பூசை வைச்சார். நான் வெளியிலை வேம்புக்குக் கீழை நிண்டு கேட்டன். எல்லாம் எங்கடை செபந்தான்.”

“உள்ளுக்குப் போயிருக்கலாமே?”

“போனனான். வாசல்லை ஒரு பிள்ளைத்தாய்ச்சி, ‘ஐயா ஆரைப் பாக்க வந்தனீங்கள்?’ எண்டு கேட்டா.”

“என்ன சொன்னீங்கள்?”

வரிசை அசைந்தது. அவர் வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் காலால் முன்னே தள்ளினார்.

“பூட்டேக்கை கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவேணும் பிள்ளை எண்டு சொல்லி, திறப்பை அவவிட்டைக் குடுத்திட்டு வந்திட்டன்.”